வழக்கை வாபஸ் பெறுவது யார்? அரசியல்வாதிகள் மீதான குற்றவழக்குகளும் நீதிமன்றத்தின் சம்மதமும்

முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மீதான சொத்துக் குவிப்பு வழக்கை மறுபடி நடத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. 2012-லேயே முடிந்துபோன வழக்கு எப்படித் திரும்பி வந்தது என்று அப்போது பலரும் குழம்பினார்கள். அந்த வழக்கில் சாட்சிகளை விசாரித்து, அவர் குற்றம் செய்தார் என்றோ செய்யவில்லை என்றோ எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதியதில்லை. வழக்கை இனி நடத்தப்போவதில்லை என்று அரசுத் தரப்பே மனுப்போட்டது. சிவகங்கை தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் 2012 டிசம்பரில் அதற்குச் சம்மதித்தது. அந்தச் சம்மதம் சட்டப்படி கொடுக்கப்பட்டதா என்பதைத்தான் உயர் நீதிமன்றம் 12 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தது.

ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும், ஏதாவது ஒரு மாநிலத்தில் இப்படி ஒரு செய்தி வருகிறது. “வழக்கை அரசு வாபஸ் பெற்றது” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சட்டத்தின்படி அந்த வரியே தவறு. வழக்கை வாபஸ் பெறும் அதிகாரம் அரசுக்கு நேரடியாகக் கிடையாது.

## முதலில் ஐந்து விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திகளில் எல்லாமே ‘வழக்கு ரத்து’, ‘வழக்கு வாபஸ்’ என்றுதான் வரும். சட்டத்தில் இவை வேறு வேறு.

1. காவல்துறை வழக்கை முடித்துவைப்பது. விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லி, குற்றப்பத்திரிகைக்குப் பதிலாக முடிவறிக்கை தாக்கல் செய்வது. நடுவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், மேலும் விசாரிக்கச் சொல்லலாம்.

2. சமரசம். சட்டம் அனுமதிக்கும் சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ராசியாகிக்கொள்வது.

3. ரத்து. வழக்கே நிலைக்கத்தக்கதல்ல என்று உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் நீக்குவது. பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர்தான் இதைக் கேட்டுப் போவார்.

4. மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு. இது தண்டனை விதிக்கப்பட்ட பிறகு வருவது. ஆளுநர், குடியரசுத் தலைவர், அரசு ஆகியோரின் அதிகாரம்.

5. வழக்கு நடத்துவதிலிருந்து விலகுவது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது, அதை நடத்தவேண்டிய அரசு வழக்கறிஞரே நடத்தப்போவதில்லை என்று சொல்வது. நீதிமன்றம் சம்மதித்தால்தான் இது செல்லும்.

இந்தக் கட்டுரை ஐந்தாவதைப் பற்றியது. இனி ‘வாபஸ்’ என்று வரும் இடமெல்லாம் இதையே குறிக்கும்.

## சட்டம் சொல்வது

1973-ஆம் ஆண்டு குற்றவிசாரணை முறைச் சட்டத்தில் இது 321-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 360-ஆவது பிரிவு. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 494 என்ற எண்ணில் இருந்த ஏற்பாடுதான். புதிதாக யாரும் கண்டுபிடித்தது இல்லை.

பிரிவின் சாரம் இது. வழக்கைக் கையில் வைத்திருக்கும் அரசு வழக்கறிஞரோ உதவி அரசு வழக்கறிஞரோ, தீர்ப்பு சொல்லப்படும் வரை எப்போது வேண்டுமானாலும், நீதிமன்றத்தின் சம்மதத்தோடு, வழக்கை நடத்துவதிலிருந்து விலகலாம். மொத்தமாகவும் விலகலாம், சில குற்றங்களிலிருந்து மட்டும் விலகலாம். ஆக இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர், சம்மதிக்க வேண்டியது நீதிமன்றம். அமைச்சரவை, உள்துறை, முதல்வர் என்ற சொல் எதுவும் அங்கே இல்லை. மாநில அரசு யோசனை சொல்லலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் அரசாணை வந்ததும் வழக்கு முடிந்துவிடாது.

மத்திய அரசுக்கு இதில் தனி இடம் உண்டு. சிபிஐ விசாரித்த வழக்கு, மத்திய அரசின் சொத்துக்குச் சேதம் விளைவித்த வழக்கு, மத்திய அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் போன்றவற்றில், மாநில அரசு நியமித்த வழக்கறிஞர் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வாபஸ் கேட்க முடியாது.

2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் ஒரு நல்ல வரியைச் சேர்த்திருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாய்ப்புத் தராமல் எந்த நீதிமன்றமும் வாபஸை அனுமதிக்கக் கூடாது. இதன் போதாமையைப் பின்னால் பார்ப்போம்.

## சம்மதம் எதற்காக?

குற்றவழக்கு என்பது இரண்டு தரப்பு மோதும் இடம். அரசுத் தரப்பு ஒன்று சொல்லும், எதிர்த் தரப்பு மறுக்கும், நீதிபதி இரண்டையும் கேட்டு முடிவுக்கு வருவார். அவரே எழுந்துபோய்ச் சாட்சி தேடுவதில்லை. ஒரு தரப்பு மறைப்பதை இன்னொரு தரப்பு வெளியே இழுத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முறை மொத்தமும் ஓடுகிறது.

வாபஸ் மனு வரும் நாளில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகிறது. அரசு வழக்கறிஞர் எழுந்து வழக்கு வேண்டாம் என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் ஆட்சேபணை இல்லை என்கிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கேட்கும்போது, நீதிபதிக்கு எதிர்வாதம் சொல்ல அந்த அறையில் ஆளே கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்றால், அந்த வழக்கறிஞரை நியமித்த அரசும் அவருடையதாகவே இருக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் 2017 டிசம்பரில் இதைப் பட்டவர்த்தனமாகப் பார்க்க முடிந்தது. கோரக்பூர் மாவட்டத்தில் 1995-இல் தடையுத்தரவை மீறிக் கூட்டம் நடத்தியதாகப் போடப்பட்ட வழக்கை வாபஸ் பெறும்படி மாநில அரசு உத்தரவிட்டது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் முதல்வர் யோகி ஆதித்யநாத். குற்றம் சிறியதுதான். ஆனாலும் தன் மீதான வழக்கைத் தன் அரசே கைவிடச் சொல்லும் நிலையில், இடையில் நிற்க நடுவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

எனவே சம்மதம் என்பது சடங்கு ஆகிவிடக் கூடாது. அதே நேரம், நீதிபதி இங்கே குற்றம் நடந்ததா என்று தீர்ப்பு எழுதவும் முடியாது, சாட்சிகளே வரவில்லையே. அப்படியானால் அவர் எதைத்தான் பார்ப்பது? கடந்த அறுபது, எழுபது ஆண்டு வழக்குகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

## 1957 முதல் 1986 வரை

பீகாரிலிருந்து வந்த ராம் நரேஷ் பாண்டே வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் அடிப்படையை வகுத்தது. சம்மதம் கொடுப்பது நீதிமன்றப் பணி, அலுவலகப் பணி அல்ல. அரசு வழக்கறிஞர் தன் அதிகாரத்தை முறைகேடாகப் பயன்படுத்தவில்லை, நீதியின் போக்கைத் தவறான நோக்கத்துக்காகத் திருப்பப் பார்க்கவில்லை என்று நீதிபதிக்குத் திருப்தி வரவேண்டும். சாட்சியங்களை எடைபோட்டுப் பார்க்கத் தேவையில்லை.

1980-இல் வந்த ராஜேந்திர குமார் ஜெயின் வழக்கின் பின்னணி அவசரநிலைக் காலம். வெடிவைக்கச் சதி செய்ததாக ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்ளிட்டோர் மீது 1976-இல் பரோடா டைனமைட் வழக்கு போடப்பட்டது. 1977 தேர்தலில் அவர் சிறையிலிருந்தபடியே முசாபர்பூரில் ஜெயித்தார், ஜனதா அரசு வந்தது, வழக்கு வாபஸானது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆதாரம் போதவில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை, விரிந்த பொருளில் பொதுநீதிக்கு உதவும் சமூக, பொருளாதார, அரசியல் காரணங்களும் இருக்கலாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அவசரநிலையை எதிர்த்தவர்கள் மீதான வழக்கை, மக்கள் அந்த அவசரநிலையையே நிராகரித்த பிறகும் இழுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் ‘அரசியல் காரணம்’ என்ற அந்த வாசல் திறந்தபின் அதன் வழியாக யாரெல்லாம் வருவார்கள் என்ற கவலையும் அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது ஷிவ்நந்தன் பாஸ்வான் வழக்கு. இந்த விஷயத்தில் இன்றுவரை மையமாக இருப்பது இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாட்னா நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி முறைகேட்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீது 1979-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 1980-இல் அவரே மறுபடி முதல்வரானார். 1981-இல் அரசு வழக்கறிஞர் வாபஸ் கேட்டார், கிடைத்தது. எதிர்த்துப் போனவர் பாஸ்வான். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பரில் 2:1 என்று பிரிந்து வாபஸை உறுதிசெய்தது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி பஹருல் இஸ்லாம் அடுத்த மாதமே பதவி விலகி, காங்கிரஸ் சார்பில் மக்களவைத் தேர்தலில் நிற்க முன்வந்தார். பிறகு மாநிலங்களவைக்குப் போனார். மிஸ்ராவும் காங்கிரஸ்காரர் என்பதால் அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வுக்குப் போனது. 1986 டிசம்பரில் 3:2 என்று மறுபடியும் வாபஸ் செல்லும் என்றே தீர்ப்பு. நீதிமன்றத்தின் வேலை மேற்பார்வை மட்டுமே, அரசு வழக்கறிஞர் சுயமாக யோசித்து நல்ல நோக்கத்தோடு முடிவெடுத்தாரா என்று பார்த்தால் போதும் என்றது பெரும்பான்மை. தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி ஓசாவும் மாறுபட்டார்கள். ஆதாரம் போதாது என்பதுதான் காரணம் என்றால், ஆவணங்களைப் பார்த்து விடுவிக்கும் அதிகாரம் நீதிபதிக்கே சட்டத்தில் இருக்கிறது. அதை அவரே செய்யட்டும், அரசு வழக்கறிஞர் எதற்கு முந்திக்கொண்டு வாபஸ் கேட்கவேண்டும் என்பது பகவதியின் வாதம்.

சிறுபான்மைத் தீர்ப்புதான் சரி என்பது என் கருத்து. ஒரு முதலமைச்சர் மீதான வழக்கில் ஆதாரம் இல்லை என்று அவருடைய அரசு நியமித்த வழக்கறிஞர் சொல்வதற்கும், திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி ஆவணங்களைப் பார்த்துச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உண்மையிலேயே பொய் வழக்கு என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இரண்டாவது வழிதான் நல்லது. அவர் பெயர் சுத்தமாகும். ஆனாலும் இன்று சட்டமாக நிற்பது பெரும்பான்மையின் கருத்துதான்.

## அரசு வழக்கறிஞர் எவ்வளவு சுதந்திரமானவர்?

மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லாமே ஒரே தூணின் மேல் நிற்கின்றன: அரசு வழக்கறிஞர் சுயமாக முடிவெடுப்பார். அந்தத் தூண் எவ்வளவு உறுதி?

மாவட்ட அளவில் அரசு வழக்கறிஞரை மாநில அரசு நியமிக்கிறது. மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருந்தும், ஆட்சி மாறினால் உயர் நீதிமன்றத்திலிருந்து மாவட்டம் வரை அரசு வழக்கறிஞர்கள் மாறுவது தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி. கட்சி வழக்கறிஞர் அணியில் வேலைசெய்தவர் அடுத்த மாதம் அரசு வழக்கறிஞராக நிற்பதும் உண்டு. தன்னை நியமித்த அரசு அனுப்பிய அரசாணையைப் பார்த்து, “எனக்கு இது சரியாகப் படவில்லை, மனுப்போட மாட்டேன்” என்று சொல்லும் துணிச்சலை அவரிடம் சட்டம் எதிர்பார்க்கிறது.

2005-இல் உத்தரப் பிரதேசத்தின் ராஜா பையா எனப்படும் ரகுராஜ் பிரதாப் சிங் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சொன்னது. மாயாவதி அரசு அவர் மீதும் அவர் தந்தை மீதும் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை ஏவியிருந்தது. 2003-இல் முலாயம் சிங் முதல்வரானதும் அதை விலக்கிக்கொள்ள நடவடிக்கை எடுத்தார். அரசு வழக்கறிஞர் தபால்பெட்டி போல நடந்துகொள்ளக் கூடாது, அவர் நீதிமன்றத்தின் அலுவலரும்கூட என்றது தீர்ப்பு. அரசிடமிருந்து யோசனை வருவது தப்பில்லை, அந்த யோசனையை வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துத் தன் முடிவாக ஆக்கிக்கொண்டாரா என்பதே கேள்வி.

## நல்ல காரணத்துக்கான வாபஸ்

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்தப் பிரிவையே நீக்கிவிடலாமே என்று தோன்றலாம். கூடாது. கூடங்குளம் போராட்டத்தில் மீனவர்கள், பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில்கூட வழக்குகள் போடப்பட்டன. அணுமின் நிலையத்துக்கு அனுமதி தந்த 2013 மே மாதத் தீர்ப்பிலேயே, அமைதி திரும்ப அந்த வழக்குகளை வாபஸ் பெற முயற்சி எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டம் 2021 டிசம்பரில் முடிவுக்கு வந்தபோது, விவசாயிகள் மீதான வழக்குகளை வாபஸ் பெறுவதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டதும் ஒரு முக்கியக் காரணம். இவை எல்லாம் இந்தப் பிரிவு செய்யவேண்டிய வேலைகள். கூட்டமாகப் போராடிய எளியவர்கள் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதால் யாருக்கும் நீதி கிடைப்பதில்லை.

ஆனால் ‘அமைதி’ என்ற சொல்லைச் சொன்னாலே போதும் என்றும் ஆகிவிடாது. கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் 2000 ஜூலை 30 அன்று ஈரோடு மாவட்டம் தொட்டகாஜனூரிலிருந்து கடத்திச் சென்றார். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மைசூருவில் சிறைப்பட்டிருந்தவர்களை விடவேண்டும் என்பது அவர் கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு வழிசெய்ய, தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் பெறக் கர்நாடக அரசு முயன்றது. தமிழக அரசும் தன் பொறுப்பிலிருந்த சிலர் விஷயத்தில் முயன்றது. சிறப்பு நீதிமன்றம் சம்மதமும் கொடுத்துவிட்டது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வாபஸை ஏற்க மறுத்தது. ராஜ்குமாருக்கு ஏதாவது ஆனால் கலவரம் வரும் என்ற அச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த அச்சத்துக்கான ஆதாரம் எங்கே, இவர்களை விட்டால் பின்விளைவு என்ன என்று யோசித்ததற்கான குறிப்பு எங்கே, அரசு வழக்கறிஞர் எதைப் பார்த்து முடிவெடுத்தார், நீதிபதி எதைப் பார்த்துச் சம்மதித்தார் என்று கேட்டது. பதில் இல்லை. 108 நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, அந்த வாபஸ் இல்லாமலே ராஜ்குமார் வீடு திரும்பினார். இந்த வழக்கில் எதிர்வாதம் சொல்ல ஆள் வந்தது ஒரு தந்தையின் வடிவில். அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சம்மத உத்தரவு அப்படியே நின்றிருக்கும்.

## கேரளச் சட்டமன்றத்தில் உடைந்த நாற்காலி

2015 மார்ச் 13. நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிக்கவிடாமல் தடுக்க, அன்றைய எதிர்க்கட்சியான இடதுசாரி முன்னணி உறுப்பினர்கள் சபாநாயகர் மேடைக்கு ஏறினார்கள். நாற்காலி, கணினி, மைக், மின்னணுப் பலகை எல்லாம் சேதமாயின. மதிப்பு 2,20,093 ரூபாய். ஆறு பேர் மீது அத்துமீறல், பொதுச்சொத்துச் சேதம் ஆகிய பிரிவுகளில் வழக்கு. 2016-இல் அதே முன்னணி ஆட்சிக்கு வந்தது. வாபஸ் கேட்கப்பட்டது.

இங்கே திருவனந்தபுரம் தலைமைக் குற்றவியல் நடுவர் 2020 செப்டம்பரில் சம்மதிக்க மறுத்தார். கேரள உயர் நீதிமன்றமும் மறுத்தது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டமன்றத்துக்குள் நடந்ததற்கு உறுப்பினர் உரிமைப் பாதுகாப்பு உண்டு என்று வாதிட்டது. 2021 ஜூலை 28 அன்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு அதை நிராகரித்தது. உறுப்பினர்களுக்கு உள்ள பாதுகாப்பு தங்கள் கடமையை அச்சமின்றிச் செய்வதற்கு. பொருளை உடைப்பது அந்தக் கடமையில் சேராது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டியும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர்.

வாபஸ் மனு வந்தால் நீதிபதி பார்க்கவேண்டியவற்றை இந்தத் தீர்ப்பு தொகுத்துத் தந்தது:

1. அரசு வழக்கறிஞர் சுயமாக முடிவெடுத்தாரா? அரசு சொன்னதால் மட்டும் மனு கெட்டுவிடாது. ஆனால் காரணங்களை நீதிபதி கேட்டு வாங்கவேண்டும்.

2. மனு நல்ல நோக்கத்தோடு, பொதுநலனுக்காகப் போடப்பட்டதா, அல்லது சட்டத்தின் வேலையை முடக்கப் போடப்பட்டதா?

3. சம்மதித்தால் வெளிப்படையான அநீதி விளையுமா?

4. குற்றத்தின் தன்மை என்ன, தீவிரம் என்ன, பொதுவாழ்வில் அதன் தாக்கம் என்ன? பொதுப்பணமும் பொதுநம்பிக்கையும் சம்பந்தப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

நான்காவதுதான் புதிய அழுத்தம் உள்ள இடம். 1986 தீர்ப்பு நீதிபதியின் பார்வையை அரசு வழக்கறிஞரின் மனசாட்சியோடு நிறுத்தியது. 2021 தீர்ப்பு குற்றத்தின் மேலும் அந்தப் பார்வையைத் திருப்பியது.

## உயர் நீதிமன்றத்தின் அனுமதி

அடுத்த இரண்டே வாரத்தில் இன்னொரு திருப்பம். மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை விரைந்து முடிக்கக் கோரும் பொதுநல வழக்கில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் விஜய் ஹன்சாரியா ஓர் அறிக்கை கொடுத்தார். 2013 முசாபர்நகர் கலவரம் தொடர்பான 70-க்கும் மேற்பட்ட வழக்குகளை உத்தரப் பிரதேச அரசு கைவிட முனைந்ததும், கர்நாடக அரசு 61 வழக்குகளை வாபஸ் பெற 2020-இல் உத்தரவிட்டதும் அதில் இருந்தன.

2021 ஆகஸ்ட் 10 அன்று தலைமை நீதிபதி ரமணா தலைமையிலான அமர்வு ஓர் உத்தரவு போட்டது. இந்நாள், முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான எந்த வழக்கையும் உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் வாபஸ் பெறக் கூடாது. 2020 செப்டம்பர் 16-க்குப் பிறகு நடந்த வாபஸ்களையும் உயர் நீதிமன்றங்கள் எடுத்துப் பார்க்கவேண்டும். கெட்ட எண்ணத்தோடு போடப்பட்ட வழக்கை அரசு கைவிடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை, ஆனால் உயர் நீதிமன்றம் அதைப் பார்க்கட்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை.

இந்த உத்தரவின் பலன் எளிமையானது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் மீதான மனுவை அதே ஊரில் பணியாற்றும் நடுவர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. வாபஸ் கேட்பவர்கள் தங்கள் காரணத்தை உயர் நீதிமன்றத்தில், ஊடகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அரங்கில் சொல்லியாக வேண்டும்.

பன்னீர்செல்வம் வழக்கு இந்த உத்தரவுக்கு வெகு முந்தையது. 2001–2006 காலத்துச் சொத்து பற்றி 2006-இல் திமுக ஆட்சியில் பதிவானது, 2009-இல் குற்றப்பத்திரிகை, 2011-இல் அதிமுக ஆட்சி, 2012-இல் வாபஸ். அப்போது அவர் நிதியமைச்சர். 2023-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து சீராய்வுக்கு எடுத்தார். கீழ் நீதிமன்ற உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் சீராய்வு அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு எப்போதும் உண்டு, யாரும் மனுப்போடாவிட்டாலும் உண்டு. அப்படித்தான் 2024 உத்தரவு வந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

## சம்மதம் கிடைத்த பிறகு

விளைவு எந்தக் கட்டத்தில் வாபஸ் நடந்தது என்பதைப் பொறுத்தது. நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைவதற்கு முன் (அதாவது, எந்தெந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று முறைப்படி பதிவுசெய்வதற்கு முன்) என்றால் அது விடுவிப்பு. புதிய ஆதாரம் வந்தால் மறுபடி வழக்கு வரலாம். குற்றச்சாட்டு வனைந்த பிறகு என்றால் அது விடுதலை; அந்த உத்தரவு நிற்கும்வரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஒருவரின் தலையெழுத்து மாறும்.

அமெரிக்காவில் இந்த வித்தியாசமே ஒரு பெரிய வழக்கின் மையமானது. அப்போதைய நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் மீதான ஊழல் வழக்கை டிரம்ப் அரசின் நீதித்துறை 2025 பிப்ரவரியில் கைவிடக் கேட்டது, ஆனால் தேவைப்பட்டால் மறுபடி தொடரும் உரிமையோடு. அதைச் செய்ய மறுத்து அரசு வழக்கறிஞர்கள் பதவி விலகினார்கள். நீதிபதி டேல் ஹோ வழக்கைத் தள்ளுபடி செய்தார், ஆனால் மறுபடி தொடர முடியாதபடி நிரந்தரமாக. வழக்கு தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தால், மேயரின் சுதந்திரம் குடியேற்ற விவகாரத்தில் மத்திய அரசு சொல்வதைக் கேட்பதைப் பொறுத்தது என்ற தோற்றம் வரும் என்பது அவர் சொன்ன காரணம். வாபஸ் என்பது ஆளுங்கட்சிக்காரருக்குச் செய்யும் உதவியாக மட்டும் இருக்கும் என்பதில்லை. எதிர்முகாமில் இருப்பவரைப் பணியவைக்கும் கயிறாகவும் இருக்கலாம்.

## வாபஸ் என்ற பெயர் இல்லாமல்

முன்வாசலில் காவல் கூடினால் பக்கவாசல் தேடுவார்கள். இரண்டு வழிகளைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது.

ஒன்று, வழக்கை நடத்திக்கொண்டே நடத்தாமல் இருப்பது. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில், 2001-இல் அதிமுக ஆட்சி வந்தபின் ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மறுபடி அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ்சாட்சியாக அறிவித்துக் குறுக்குவிசாரணை செய்ய அரசு வழக்கறிஞர் முன்வரவில்லை. க. அன்பழகன் மனுவின் பேரில் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. இந்த வழியில் நீதிமன்றத்தின் சம்மதம் என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் யாரும் வாபஸ் கேட்கவே இல்லை.

இரண்டு, மேல்விசாரணை. ஆட்சி மாறியதும் லஞ்ச ஒழிப்புத் துறை மேலும் விசாரிக்கிறேன் என்று தொடங்கி, தன் பழைய குற்றப்பத்திரிகைக்கு எதிராகத் தானே ஓர் அறிக்கை போடுவது. அப்போது அமைச்சர்களாக இருந்த கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோரை ஸ்ரீவில்லிபுத்தூர் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது இப்படி வந்த அறிக்கைகளுக்குப் பிறகுதான். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்துசெய்தது; விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த இருவர் மீதான வழக்குகள் எதிலும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் 2021 உத்தரவு கேட்கும் உயர் நீதிமன்ற அனுமதி இந்த வழிக்குத் தேவைப்படவில்லை.

## இன்னும் திறந்திருக்கும் இடங்கள்

2021 உத்தரவு எம்.பி., எம்.எல்.ஏ. ஆக இருப்பவர்களையும் இருந்தவர்களையும் மட்டுமே தொடுகிறது. தேர்தலில் ஜெயிக்காத மாவட்டச் செயலாளர், மாநகராட்சிக் கவுன்சிலர், கட்சித் தலைவரின் உறவினர் என்று வருபவர்களுக்குப் பழைய முறைதான்: உள்ளூர் அரசு வழக்கறிஞர், உள்ளூர் நடுவர்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்கவேண்டும் என்ற புதிய விதி கொலை, தாக்குதல், கலவர வழக்குகளில் பெரிய பலம். ஊழல் வழக்கில் அது யாரைக் குறிக்கும்? டெண்டரில் போன பணம் எல்லோருடையதும் என்பதால், இழப்பு என்னுடையது என்று கூண்டருகே வந்து நிற்கத் தனியாக ஒருவர் இல்லை. பொதுப்பணம் சம்பந்தப்பட்ட வழக்குகளில் எதிர்வாதம் வைக்க ஒரு மூத்த வழக்கறிஞரை நீதிமன்றமே நியமிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. அதை விதியாகவே ஆக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. வாபஸுக்குச் சம்மதித்து நடுவர் போடும் உத்தரவு நீதிமன்ற ஆவணம். வழக்கில் சம்பந்தப்படாதவரும் காரணம் காட்டி அதன் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். “அரசுத் தரப்பு மனுவைப் பரிசீலித்தேன், அனுமதிக்கிறேன்” என்று இரண்டு வரியில் அது இருந்தால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க அதுவே முதல் காரணம். மனுத் தாக்கல் செய்யக் காலக்கெடு 90 நாள்.